சூத்திரத்துக்குள் தமிழ் எழுத்து ஏன் மறைந்துபோகிறது?

பகாவ் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளிக்குக் கேள்வித்தாள் தயாரிக்கிறீர்கள் என்று வையுங்கள். ஸீலாடெக் மென்பொருளில், சூத்திரத்துக்கான இரு டாலர் குறிகளுக்கு நடுவே 'வேகம் = தூரம் / நேரம்' என்று அடிக்கிறீர்கள். அச்சில் சமக்குறியும் சாய்கோடும்தான் வருகின்றன. எழுத்துகள் எங்கே போயின?

ரப்பர் நிரையை நினைத்துக்கொள்ளுங்கள். மரத்துக்கு மரம் தனி மங்கு. ஒன்றின் பால் இன்னொன்றில் சேராது. ஸீலாடெக்குக்கு அடிப்படையான, டொனால்ட் குனுத் 1978-இல் வெளியிட்ட டெக், சூத்திரத்துக்குள் எழுத்துகளை அப்படித்தான் நடத்துகிறது. ஒவ்வொன்றும் தனித்தனி மாறி.

ஆனால் 'வே' கணினிக்கு இரண்டு குறிகள். முதலில் வ, பிறகு இரட்டைக்கொம்பு. கொம்பை முன்னால் கொண்டுவந்து சேர்ப்பது உரைப்பகுதியில் நடக்கும் வேலை. சூத்திரத்தில் அது நடப்பதே இல்லை. போதாக்குறைக்கு, வழக்கமான கணித எழுத்துருவில் தமிழே கிடையாது. தமிழுக்கு மட்டுமல்ல, பிரெஞ்சு எழுத்தின் தலைமேல் வரும் கோட்டை உரைக்கான கட்டளையால் சூத்திரத்துக்குள் அடித்தாலும் சரிவராது.

அப்போது என்ன செய்யலாம்? ஏஎம்எஸ்மேத் தொகுப்பைச் சேர்த்து, தமிழ்ச் சொல்லை 'டெக்ஸ்ட்' கட்டளையின் அடைப்புக்குள் போடுங்கள். அந்த இடத்தில் மட்டும் உரை விதிகள் திரும்பிவிடும், கொம்பும் இடத்தில் உட்காரும். மாறியின் தலையில் அம்புக்குறி வேண்டுமென்றால் 'வெக்', கூரை வேண்டுமென்றால் 'ஹேட்' என்று கணிதத்துக்கே தனிக் கட்டளைகள் உண்டு.

அச்சுக்குக் கொடுக்கும் முன் பதிவுக் கோப்பையும் ஒருமுறை திறந்து பாருங்கள். எழுத்து விடுபட்டால் மென்பொருள் பெரும்பாலும் வேலையை நிறுத்தாது. அந்தக் கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடும்.