தேக்கடி போட்டிங் தெரியும்... மூங்கில் தெப்பம் தெரியுமா? சத்தமில்லாத ஏரிக்கரைக்கு ஒரு வழி!

தேக்கடி என்றதும் நினைவுக்கு வருவது போட்டிங்தான். டிக்கெட் க்யூ, ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட், ஒன்றரை மணி நேர சவாரி, தூரத்தில் புள்ளியாக ஒரு யானை. 'அதான் பாத்தாச்சே' என்று பலரும் அத்தோடு திரும்பிவிடுகிறார்கள். ஆனால், அதே பெரியாறு ஏரியில் எஞ்சின் சத்தமே கேட்காத ஓரங்களும் இருக்கின்றன. அங்கே போகவும் முறையான வழி இருக்கிறது.

இது இயற்கை ஏரியா?

இல்லை. 1895-ல் பென்னிகுக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையால் உருவான நீர்த்தேக்கம் இது. தண்ணீர் ஏற ஏற, அங்கிருந்த காடு மூழ்கியது. ஏரிக்கு நடுவே கறுப்பாக நீட்டிக்கொண்டிருக்கும் மொட்டை மரங்கள், அப்போது மூழ்கிய காட்டின் மிச்சம்தான். சுமார் 130 ஆண்டுகள் கழித்தும் அவை நிற்கின்றன. நீர்க்காகமும் பாம்புத்தாராவும் அவற்றின் மேல் உட்கார்ந்து இறக்கை உலர்த்துவதைப் பார்க்கலாம்.

ஏரியின் பரப்பு சுமார் 26 சதுர கிலோமீட்டர். அதைச் சுற்றியிருப்பது 925 சதுர கிலோமீட்டர் பெரியாறு புலிகள் காப்பகம். 1978-ல் புலிகள் காப்பகமானது. 1982-ல் அதன் மையப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

மூங்கில் தெப்பத்தில் என்ன ஸ்பெஷல்?

மூங்கில்களைச் சேர்த்துக் கட்டிய தெப்பம், கையால் போடும் துடுப்பு, அவ்வளவுதான். கொஞ்ச தூரம் காட்டுக்குள் நடை, பிறகு தெப்பம், மறுபடி நடை என்று போகும். முழு நாள் பயணம் என்றால் காலை 8 மணிக்குக் கிளம்பி மாலை 5 மணிக்குத்தான் திரும்ப முடியும். ஒரு குழுவில் அதிகபட்சம் 10 பேர். வழிகாட்டிகளோடு துப்பாக்கி ஏந்திய வனக்காவலர் ஒருவரும் கூடவே வருவார்.

எஞ்சின் இல்லாததால் ஏரியின் குறுகலான கிளைகளுக்குள் சத்தமில்லாமல் போக முடிகிறது. மரத்தடியில் தெப்பத்தை ஒதுக்கி அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்தால், காதுதான் முதலில் வேலை செய்யத் தொடங்கும். கருமந்தியின் உறுமல், மலை அணிலின் கத்தல், இருவாட்சி பறக்கும்போது வரும் 'உஸ் உஸ்' இறக்கைச் சத்தம் எல்லாம் தனித்தனியாகக் கேட்கும்.

அமைதி ஏன் அவ்வளவு முக்கியம்?

கோடையில் காட்டுக்குள் இருக்கும் சிறு ஓடைகள் வற்றிவிடும். அதே நேரத்தில் ஏரியின் நீர்மட்டமும் இறங்கி, கரையோரம் புதுப்புல் முளைக்கும். குட்டிகளோடு வரும் யானைக் கூட்டம், காட்டெருமை, மிளா எல்லாவற்றுக்கும் தண்ணீரும் தீனியும் ஒரே இடத்தில் கிடைப்பது இங்கேதான். நாம் போடும் ஒரு கூச்சலில் கூட்டம் தண்ணீர் குடிக்காமலே திரும்பிவிடலாம். நமக்கு ஒரு ரீல்ஸ் போகும். அவற்றுக்கு அன்றைய தண்ணீர் போகும்.

காட்டைக் காப்பவர்கள் யார்?

இதுதான் தேக்கடியின் சுவாரஸ்யமான கதை. ஒரு காலத்தில் இந்தக் காட்டில் திருட்டுத்தனமாக வயணப் பட்டை உரித்தும் வேட்டையாடியும் பிழைத்தவர்கள் இருந்தார்கள். 1990-களின் பிற்பகுதியில், வனத்துறை அவர்களில் ஒரு குழுவினரோடு பேசி, சூழல் மேம்பாட்டுக் குழு அமைத்தது. காட்டின் ஒவ்வொரு தடமும் தெரிந்த அவர்களே 'பெரியாறு டைகர் டிரெயில்' என்ற மலையேற்றத்தின் வழிகாட்டிகளானார்கள், ரோந்துக்கும் போகிறார்கள். குமுளி பக்கம் வாழும் மன்னான், பளியர் பழங்குடியினரும் இதுபோன்ற குழுக்களில் இருக்கிறார்கள். ஆக, இந்தப் பயணங்களுக்குக் கொடுக்கும் கட்டணத்தில் காட்டை நம்பியிருக்கும் குடும்பங்களின் சம்பளமும் இருக்கிறது.

சரி, எப்படிப் போவது?

மதுரையிலிருந்து தேனி, கம்பம் வழியாகக் குமுளிக்கு சுமார் 140 கிலோமீட்டர். புக்கிங்கை புலிகள் காப்பகத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் செய்வதுதான் பாதுகாப்பு. இடம் குறைவு என்பதால் வீக்எண்டுக்குக் கடைசி நேரத்தில் முயன்றால் கிடைப்பது கஷ்டம்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை விலங்குகளைப் பார்க்க வாய்ப்பு அதிகம். மழைக்காலத்தில் காடு பச்சையாக இருக்கும், ஆனால் விலங்குகள் உள்ளே சிதறிவிடும், அட்டைகளும் அதிகம். எந்த மாதம் போனாலும் யானை தெரியும் என்று உத்தரவாதம் இல்லை.

கவனிக்க வேண்டியவை

* பச்சை, காக்கி போன்ற மங்கலான நிற உடை. சென்ட் வேண்டாம்.
* ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில்.
* போன் சைலண்டில் இருக்கட்டும். ஃபிளாஷ் கூடாது.
* லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவே கூடாது. 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள்.
* விலங்கைக் கண்டால் எழுந்து நிற்காதீர்கள். வழிகாட்டி கை காட்டினால் அதுதான் கடைசி வார்த்தை.

இன்னொரு விஷயம். தெப்பம் மிதக்கும் இந்தத் தண்ணீர்தான் சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி, கம்பம் பள்ளத்தாக்கின் நெல்லுக்கும் அதைத் தாண்டி மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரையிலான பாசனத்துக்கும் போகிறது. பெய்யும் மழையைப் பிடித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏரிக்கு விடுவது சுற்றியிருக்கும் காடு. அங்கே ஒரு நாள் சத்தமில்லாமல் இருந்துவிட்டு வருவது, நம் சோற்றுக்கும் சேர்த்துச் செய்கிற மரியாதை.