‘கருக்கு’ – ஓர் ஏமாற்றம்

பாமா எழுதிய ‘கருக்கு’ என்னும் தன்வரலாற்றை யான் மிகப் பிந்தியே படித்தேன். 1992ஆம் ஆண்டு வெளிவந்த நூல் அது. 2000ஆம் ஆண்டில் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் அதனை ஆங்கிலத்திற் பெயர்க்க, அப்பெயர்ப்புக் கிராஸ்வேர்ட் பரிசு பெற்றது, பல்கலைக்கழகங்களிற் பாடநூலுமாயிற்று. இத்துணைப் புகழையும் செவிமடுத்த பின்னரே, நூல் இரணைமடுவில் என் மேசைக்கு வந்து சேர்ந்தது. என் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி கொணர்ந்து தந்தாள்.

இலக்கணம் கற்பிப்பவன் பேச்சுத் தமிழைக் கண்டு முகஞ்சுளித்திருப்பான் என அன்பர்கள் எண்ணக்கூடும். அதுவன்று என் குறை. தலைப்பே என்னை ஈர்த்தது. பனைமட்டையின் இருபுறமும் வாளரம்போல் நிற்கும் கருக்கு, எங்கள் வன்னிப் பிள்ளைகளின் கைகளிலும் கோடிழுத்ததுதான். விறகு பொறுக்கப்போன இடத்தில் அது தம்மைக் கீறியதை ஆசிரியர் முன்னுரையிற் சொல்கிறார். ஊர்ப்பகுதிகளோ உயிருள்ளவை. பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைச் சரட்டிற் பிடித்துத் தூக்கிச் சென்று, தொடாமலே நீட்டுகிறார். காணும் சிறுமிக்குச் சிரிப்பு வருகிறது. பின்னர் அண்ணன் காரணம் சொல்ல, அச்சிரிப்பு மாய்கிறது. அதற்குமேல் விளக்கம் எதற்கு?

ஏமாற்றம் கன்னியர் மடத்துப் பகுதிகளில் நேர்ந்தது. ஏழைகளுக்குத் தொண்டு செய்ய அவாவித் துறவு பூண்டவர், அங்கே செல்வர் பிள்ளைகளின் பள்ளியையும் பழைய சாதியையுமே கண்டு வெளியேறினார். அத்துயர் மெய். ஆனால், பொட்டலத்தைக் காட்டியவர் இங்கே காட்டாமற் சொல்கிறார். சொன்னதையே மீண்டும் சொல்கிறார். ஒரு கன்னிகையின் முகங்கூட என் மனத்தில் நிற்கவில்லை. நன்னூலார் பத்துக் குற்றங்களுள் வைத்த கூறியது கூறலே நினைவில் எழுந்தது.

அவருடைய தமையனார் ராஜ் கௌதமன், சங்க இலக்கிய ஆய்வால் நம்மவர் அறிந்தவர். அவர் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘சிலுவைராஜ் சரித்திரம்’ என்னும் நாவலும் அவ்விளமையையே மூலமாகக் கொண்டது. தன்னையே எள்ளிக்கொள்ளும் நகை அதில் உண்டு. அதுவே என்னை வென்றது.

இவற்றை வகுப்பிற் சொன்னேன். நூலைத் தந்த மாணவி எழுந்தாள். அவள் பாட்டனார், 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் மலையகத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களுள் ஒருவர். அம்மக்களை எம்மவர் என்ன சொல்லால் அழைத்தனர் என்பதை ஈண்டு எழுத நாணுகிறேன். ஆசிரியர் அறையிலும் அச்சொல்லைக் கேட்டதுண்டு. கேட்டு வாளாவிருந்ததும் உண்டு.

‘கருக்கு’ வெளிவந்தபின் சில மாதங்கள் பாமா தம் ஊருக்குள் நுழைய இயலவில்லை என்பதை நினைவூட்டிவிட்டு, அவள் கேட்டாள்: “ஐயா, கோபம் ஆறமுதல் எழுதிறவை ஒருக்கால் மட்டுந்தான் சொல்லவேணுமோ?”

யான் விடையிறுக்கவில்லை. மணி அடித்தது, நல்லகாலம்.

சென்ற தவணையில் ‘என் பாட்டி’ என்று அவள் எழுதிய கட்டுரையில் அச்சொல் ஏழிடத்தில் வந்திருந்தது. ஓரத்திற் ‘கூறியது கூறல்’ எனக் குறித்து, ஒன்றை விட்டு ஆறையும் சிவப்பு மையால் அடித்தவன் யானே. மடத்துப் பகுதிகளைப்பற்றிய என் கருத்து இன்றும் மாறவில்லை. ஆயினும் அக்கட்டுரைக் கொப்பியைத் திரும்பக் கேட்டிருக்கிறேன். அவள் இன்னும் கொண்டுவரவில்லை.