ராமானுஜன் பட்டியலின் கடைசி எண்

67,46,32,83,88,800. ஆறேமுக்கால் லட்சம் கோடிக்குச் சற்றே குறைவு. 1915இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் ராமானுஜன் எழுதிய நீண்ட கட்டுரையில் நூற்றுக்கும் மேற்பட்ட எண்களின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் கடைசியாக நிற்பது இந்த எண்.

12ஐ மீதியின்றி வகுப்பவை 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு காரணிகள். 12க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் கிடையாது. இப்படித் தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் காரணிக் கணக்கில் முந்துகிற எண்ணை உயர் பகு எண் என்போம். 24, 36, 48, 60, 120 ஆகியவையும் அந்த வகைதான். ராமானுஜனின் பட்டியல் இத்தகைய எண்களின் பட்டியலே. நம் பதின்மூன்று இலக்க எண்ணுக்கோ 10,080 காரணிகள்!

எப்படி? ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்று. இவற்றின் பெருக்கல்தான் அந்த எண். காரணி ஒன்றை உருவாக்கும்போது 2ஐ அறவே விடலாம், அல்லது ஒன்று முதல் ஆறு வரை எடுக்கலாம், ஏழு வழிகள். 3க்கு ஐந்து வழிகள். 5க்கும் 7க்கும் மும்மூன்று. மற்ற ஐந்துக்கும் எடுப்பது, விடுவது என்று இரண்டிரண்டு. ஆக 7 × 5 × 3 × 3 × 32 = 10,080.

பகா எண் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள். 23ஐச் சேர்த்தால் காரணிகள் இரட்டிப்பாகும். ஆனால் எண் 23 மடங்கு பெருத்துவிடும். அந்த விலைக்கு மலிவான 2களையும் 3களையும் வாங்கினால் என்ன? 23ஐ எடுத்துவிட்டு மூன்று 2, ஒரு 3 சேர்த்துப் பாருங்கள். 24 மடங்கு, அதாவது கூடுதல் விலை. கிடைப்பதோ 8,640 காரணிகள்தான். 2 ஏற்கெனவே ஆறு இருக்கும்போது ஏழாவது 2 கொண்டுவரும் லாபம் சொற்பம்.

உயர் பகு எண் ஒன்றில் பகா எண்கள் பெரிதாகப் பெரிதாக அவை வரும் தடவை கூடவே கூடாது. 5ஐவிட 7 அதிகத் தடவை வந்தால் இரண்டையும் இடம் மாற்றி, அதே காரணிக் கணக்கோடு சிறிய எண்ணைப் பெற்றுவிடலாமே! கடைசிப் பகா எண் ஒரே தடவைதான் வரும், விதிவிலக்கு 4, 36 இரண்டு மட்டுமே என்றும் ராமானுஜன் நிறுவினார். இந்த ஆய்வுக்காகவே 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் அளித்தது. அன்று அச்சேறாமல் நின்ற மீதிப் பகுதி 1997இல்தான் வெளிவந்தது.

கணினி இல்லாத காலத்தில் உருவான அந்தப் பட்டியலில் ஓர் எண் விடுபட்டுப்போயிற்று: 2,93,31,86,25,600. கடைசி எண்ணை 23ஆல் வகுத்தால் சரியாக அதுதான் வருகிறது. எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். அதன் காரணிகள் 5,040. அந்த 5,040உம் ஓர் உயர் பகு எண். அதற்குக் காரணிகள் 60. அறுபதும் உயர் பகு எண், அதற்கு 12. பன்னிரண்டுக்கு 6, ஆறுக்கு 4. நான்கு வரை ஒவ்வொன்றும் உயர் பகு எண்ணே. நான்குக்கு மூன்று காரணிகள். 3க்கு இரண்டே காரணிகள், அதைவிடச் சிறிய 2க்கும் அதே இரண்டு. சங்கிலி அங்கேதான் அறுகிறது.