விமானத்தில் 'ஃப்ளைட் மோட்' எதுக்கு? பதில் ஜவ்வாது மலையில் இருக்கு!

வீக்எண்டில் ஜவ்வாது மலைக்கு பைக்கை எடுத்தவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். அடிவாரத்தில் நன்றாக இருந்த போன் சார்ஜ், ஜமுனாமரத்தூர் தாண்டி பீமன் நீர்வீழ்ச்சி போவதற்குள் சரசரவென இறங்கிவிடும். இத்தனைக்கும் ஒரு கால்கூட பேசியிருக்க மாட்டோம். இது ஏன்னு புரிஞ்சா, விமானத்தில் ஃப்ளைட் மோட் ஏன் கேட்கிறார்கள் என்பதும் புரிந்துவிடும்.

சிக்னல் இல்லாதபோது போன் என்ன செய்யும்?

பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகப் பேசுவோம், தூரத்தில் இருப்பவரைக் கத்திக் கூப்பிடுவோம். போனும் அப்படித்தான். டவர் அருகில் இருந்தால் குறைந்த பவர் போதும். மலை மறைத்தால், திரும்பத் திரும்ப டவரைத் தேடும். எங்கோ தூரத்தில் ஒன்று சிக்கினால் முழு பவரில் 'கத்தும்'. 4ஜி போனுக்கு அதிகபட்சம் சுமார் 0.2 வாட். பழைய 2ஜி என்றால் 2 வாட் வரை.

விமானத்திலும் இதே கதைதான். டவர்கள் கீழே, எங்கோ தூரத்தில். ஒன்றைப் பிடிப்பதற்குள் விமானம் அதைத் தாண்டிவிடும். ஒரே நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட போன்கள் கத்தினால்?

அதனால விமானம் விழுந்துடுமா?

இல்லை. செல்போன்தான் காரணம் என்று உறுதியான விமான விபத்து எதுவும் கிடையாது. விமானக் கருவிகளும் ஒயர்களும் இதைத் தாங்கும்படிதான் வடிவமைக்கப்படுகின்றன. ஆனால், ஸ்பீக்கர் அருகே போன் வைத்தால் வரும் 'டிட்-டிட்-டிட்' சத்தம், தரையிறங்கும் நேரத்தில் பைலட்டின் ஹெட்செட்டில் கேட்டால் எப்படி இருக்கும்? கட்டுப்பாட்டு அறை சொல்லும் ஓர் எண் காதில் விழாமல் போகலாம்.

2014-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ, போயிங் 737, 777 ரகங்களில் சுமார் 1,300 விமானங்களின் காக்பிட் திரைகளை மாற்ற உத்தரவிட்டது. வைஃபை சிக்னலால் திரை மறையக்கூடும் என்பது சோதனையில் தெரியவந்ததே காரணம்.

5ஜி-க்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

விமானம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை அளக்கும் ரேடியோ ஆல்டிமீட்டர், 4.2 முதல் 4.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. 5ஜி-யின் ஒரு பகுதி இதற்குப் பக்கத்து வீடு. அதனால்தான் 2022 நவம்பரில் நம் தொலைத்தொடர்புத் துறை, ரன்வேயின் இரு முனைகளிலிருந்து 2,100 மீட்டர், மையக்கோட்டிலிருந்து 910 மீட்டர் வரை 3.3 - 3.67 கிகாஹெர்ட்ஸ் 5ஜி டவர்கள் வேண்டாம் என்றது.

அப்போ விமானத்தில் வைஃபை மட்டும் எப்படி?

இந்தியாவில் 2014 முதல் ஃப்ளைட் மோடில் போனைப் பயன்படுத்தலாம். 2025 ஜனவரி 1-ல் ஏர் இந்தியா சில உள்நாட்டு விமானங்களில் வைஃபை கொடுக்க ஆரம்பித்தது. விமான வைஃபையின் ஆன்டெனா உங்கள் சீட்டுக்குச் சில மீட்டரில் இருக்கிறது. போன் கத்த வேண்டாம், கிசுகிசுத்தால் போதும். அவ்ளோதான் வித்தியாசம்.

அடுத்த முறை ஜவ்வாது மலை ஏறும்போதும், சிக்னல் இல்லாத இடத்தில் ஃப்ளைட் மோட் போட்டுப் பாருங்கள், சார்ஜ் நிற்கும். நமக்கு இது ஒரு நாள் சார்ஜ் பிரச்சினை. ஆனால், அங்கே சிக்னல் எட்டாத குக்கிராமங்களில் இருப்பவர்களுக்கு, 108-ஐக் கூப்பிடவே மேடு தேடி ஓட வேண்டிய பிரச்சினை.