காருக்குள் கிருமியா? விஷத்தை ஊற்றாதீர்கள்!

"அண்ணாச்சி! வண்டிக்குள்ள தலையைக் கொடுக்க முடியலை. அப்படி ஒரு நாத்தம்!"

"பிளீச்சிங் பவுடரைக் கரைச்சு ஊத்துடே! கூடக் கொஞ்சம் ஆசிட்டையும் சேத்துக்கோ. கிருமி எல்லாம் செத்துப் போகும்."

வெள்ளம் வடிந்த ஊரில் இப்படி யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இராது.

அந்த யோசனைப்படி செய்தால் என்ன ஆகும் தெரியுமா?

கிருமி சாகிறதோ இல்லையோ, காரைக் கழுவப் போனவர் ஆஸ்பத்திரியில் படுக்க நேரும்!

பேய் மழை

2023-ம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளைத் திருச்செந்தூர்ப் பக்கத்து மக்கள் மறக்க மாட்டார்கள்.

18-ந்தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில், காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர். ஓர் ஆண்டில் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் பெய்து விட்டது!

குளங்கள் உடைந்தன. தாமிரபரணி கரை புரண்டது. திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரெயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்று விட்டது. சுமார் 800 பயணிகள் சிக்கித் தவித்தார்கள்.

வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. வாசலில் நின்ற கார்களையும் அது விடவில்லை.

தண்ணீர் வடிந்தது. சேறு மிஞ்சியது.

கோவிலுக்கு வருகிறவர்களை ஏற்றி இறக்கிப் பிழைக்கும் வாடகைக் கார்க்காரருக்கு, கார்தான் சோறு போடுகிறது. அவரால் எத்தனை நாள் காரைச் சும்மா நிறுத்தி வைக்க முடியும்? "எதையாவது ஊற்றிச் சீக்கிரம் கழுவுவோம்" என்றுதான் தோன்றும்.

ஆபத்து அந்த அவசரத்தில்தான் இருக்கிறது.

உப்பில் பிறந்த விஷம்

தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே குவிந்து கிடக்கிற உப்புக்குள் "குளோரின்" அடங்கி இருக்கிறது. உப்பாக இருக்கும்வரை அது சாது. குழம்பில் போட்டுச் சாப்பிடுகிறோம்.

உப்புத் தண்ணீரில் மின்சாரத்தைப் பாய்ச்சினால் குளோரின் தனியாகப் பிரிந்து வரும். பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம். மூக்கைத் துளைக்கும் நெடி. சுண்ணாம்பில் குளோரினைச் செலுத்தித்தான் பிளீச்சிங் பவுடர் செய்கிறார்கள்.

பிளீச்சிங் பவுடரை அளவோடு தண்ணீரில் கரைத்தால் அது கிருமிகளைக் கொல்லும். குடிதண்ணீரைச் சுத்தம் செய்யவும் அது பயன்படுகிறது.

ஆனால், கழிப்பறை கழுவும் ஆசிட்டை அதனுடன் சேர்த்தால்? அடங்கிக் கிடந்த குளோரின் புகையாகக் கிளம்பி விடும்!

இந்தப் புகையைத்தான் 1915-ம் ஆண்டு ஏப்ரல் 22-ந்தேதி, முதல் உலகப் போரில், பெல்ஜியம் நாட்டின் ஈப்பர் நகருக்கு அருகே ஜெர்மன் ராணுவம் எதிரிகள் மீது ஏவியது. வீரர்கள் மூச்சுத் திணறிச் செத்தார்கள்.

போர்க்களமாவது திறந்த வெளி. கார் ஒரு சின்னப் பெட்டி!

குளோரின் காற்றை விடச் சுமார் இரண்டரை மடங்கு கனமானது. அதனால் அது மேலே போகாது, கீழே தங்கும். குனிந்து காரின் தரையைத் தேய்க்கிறவர் முகத்துக்கு நேரே நிற்கும்.

ஆகவே, ஒரு மருந்துடன் இன்னொரு மருந்தைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். பிளீச்சிங் பவுடருடன் ஆசிட், வினிகர், அம்மோனியா எதுவும் கூடாது. ஒன்றை ஊற்றிக் கழுவிய வாளியில், அலம்பாமல் இன்னொன்றைக் கரைப்பதும் தப்பு.

சாவியைத் தொடாதே!

வெள்ளத்தில் நின்ற காரை என்ன செய்வது?

முதலில், சாவியைத் திருப்பாதீர்கள். என்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால், ஒரே திருப்பில் என்ஜின் உடைந்து விடும். மெக்கானிக்கை அழைத்து, பாட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். மின்சாரக் காராக இருந்தால் நீங்கள் கையே வைக்கக் கூடாது. அந்த வேலை தெரிந்தவர்கள்தான் தொட வேண்டும்.

கழுவுவதற்கு முன், காரை உள்ளும் புறமும் படம் எடுத்துக் கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் கொடுங்கள். சொந்த வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் செய்திருந்தால் நஷ்ட ஈடு கேட்கலாம். அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கு மட்டும் செய்திருந்தால் கிடைக்காது.

பிறகு நான்கு கதவுகளையும், டிக்கியையும் திறந்து வையுங்கள். உடனே கையை உள்ளே விடாதீர்கள். பாம்பும் தேளும் வெள்ளத்துக்குப் பயந்து சீட்டுக்கு அடியில் ஒதுங்கி இருக்கலாம். கம்பால் தட்டிப் பாருங்கள்.

கையில் ரப்பர் உறை, காலில் பூட்ஸ், முகத்தில் துணி. இவை இல்லாமல் சேற்றில் இறங்க வேண்டாம். வெள்ளத் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கும். எலியின் சிறுநீரும் கலந்திருக்கும். காலில் ஒரு சின்னப் புண் இருந்தால் போதும், அதன் வழியே எலிக்காய்ச்சல் கிருமி உடம்புக்குள் போய் விடும்.

கழுவிய சில நாட்களில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் டாக்டரிடம் ஓடுங்கள். "வெள்ளத் தண்ணீரில் நின்றேன்" என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

மூன்று வேலை

காரைச் சுத்தம் செய்ய மூன்று வேலைகள் உண்டு. கழுவ வேண்டும். காய வைக்க வேண்டும். துடைக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றக் கூடாது.

கழுவுவது: சேற்றின் மேல் எந்த மருந்தை ஊற்றினாலும் வீண். சேறு மருந்தைத் தின்று விடும். கிருமி அடியில் பத்திரமாக இருக்கும். ஆகவே முதலில் சேற்றை வழித்து எடுங்கள். பிறகு நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பெருவாரியான கிருமிகள் இதிலேயே போய் விடும். கம்பிகளும் பொத்தான்களும் இருக்கும் இடத்தில் தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள்.

காய வைப்பது: ஈரம் இருந்தால் ஒன்றிரண்டு நாளிலேயே பூஞ்சை பிடிக்கும். மேலே தொட்டால் காய்ந்தது போல இருக்கும். ஆனால் தரை விரிப்புக்கு அடியில் உள்ள பஞ்சு தண்ணீரைக் குடித்துக் கொண்டு கிடக்கும். விரிப்பைக் கழற்றி வெயிலில் போடுங்கள். முடிந்தால் சீட்டையும் கழற்றச் சொல்லுங்கள். கதவைத் திறந்து வைத்து, மின்விசிறியைத் திருப்பி விடுங்கள். ஊறி, பூஞ்சை பிடித்த பஞ்சை வைத்துக் கொண்டு அழ வேண்டாம். மாற்றி விடுங்கள்.

துடைப்பது: கிருமி மருந்துக்கு வேலை கடைசியில்தான் வருகிறது. அதுவும் எல்லா இடத்திலும் அல்ல. கை படும் இடங்களில் போதும். ஸ்டியரிங், கியர், கைப்பிரேக், கதவுக் கைப்பிடி, கண்ணாடி ஏற்றும் பொத்தான், சீட் பெல்ட்டின் கொக்கி. 70 சதவீத ஆல்கஹாலைத் துணியில் நனைத்து இவற்றைத் துடையுங்கள். ஒரு நிமிடமாவது ஈரம் இருக்கட்டும்.

"70 எதற்கு? 99 சதவீதம் இன்னும் நல்லதுதானே?" என்று கேட்கலாம்.

இல்லை! ஆல்கஹால் கிருமியைக் கொல்ல, கூடக் கொஞ்சம் தண்ணீரும் வேண்டும். 70 சதவீதத்தில் அந்தத் தண்ணீர் இருக்கிறது.

பிளீச்சிங் பவுடர் வேண்டுமானால், கழற்றி வெளியே எடுத்த ரப்பர் மிதியடிக்கு மட்டும் போடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம் போதும். தெளிந்த தண்ணீரை மட்டும் எடுத்துத் துடைத்து, பத்து நிமிடம் கழித்து நல்ல தண்ணீரில் அலசுங்கள். மிச்சத்தை நாளைக்கு என்று வைக்க வேண்டாம். வீரியம் போய் விடும்.

சீட் பெல்ட்டின் நாடாவில் மட்டும் பிளீச்சிங் பவுடர் படவே கூடாது. நாடா பலம் இழந்து விடும். விபத்தில் உயிரைக் காக்க வேண்டிய பெல்ட், அந்த நேரத்தில் அறுந்து போனால்?

சாமிக்கு ஊதுபத்தி

சில டிரைவர்கள் காருக்குள் முருகன் படத்துக்குக் காலையில் ஊதுபத்தி ஏற்றுவார்கள். சிலர் சூடமும் காட்டுவார்கள்.

ஆல்கஹால் போட்டுத் துடைத்த காருக்குள் அந்த வேலை வேண்டாம்! ஆல்கஹாலின் ஆவி நம் ஊர் வெப்பத்திலேயே தீப்பிடிக்கும். கதவுகளைத் திறந்து வைத்து, நெடி முழுவதும் போன பிறகே உட்காருங்கள். பீடி, சிகரெட்டும் கூடாது. பெட்ரோலைத் தொட்டுக் கறை துடைப்பதும் இதே ஆபத்துதான்.

நாற்றம் போக அந்துருண்டை போடுகிறவர்கள் உண்டு. கண்ணாடி ஏற்றிய கார் வெயிலில் நின்றால், அதன் ஆவி காருக்குள் நிறைந்து விடும். சில குழந்தைகளின் ரத்தத்துக்கு அது ஆகாது. ரத்த அணுக்களே உடையும். சாம்பிராணிப் புகை நாற்றத்தை மறைக்கும், கிருமியை விரட்டாது.

கொரோனா கற்பித்த பாடம்

2020-ம் ஆண்டில் கொரோனா பரவியபோது, மருந்தைப் புகை போல அடித்தால் போதும் என்று பலர் நம்பினார்கள். திருப்பூரில் ஒரு சந்தையின் வாசலில் கிருமி நாசினிச் சுரங்கமே அமைத்தார்கள். மக்கள் அதற்குள் நடந்து போனார்கள்.

சில நாட்களில் தமிழக சுகாதாரத் துறை, இத்தகைய சுரங்கங்கள் வேண்டாம் என்றது. மனிதர்கள் மீது மருந்து தெளிக்கக் கூடாது என்று ஏப்ரல் 18-ந்தேதி மத்திய அரசும் அறிவித்தது. கண்ணும் தோலும் எரியும், மூச்சுக் குழல் புண்ணாகும் என்பதே காரணம்.

கொரோனா பெரும்பாலும் காற்றின் வழியேதான் பரவுகிறது என்பது பிறகு தெளிவாயிற்று. அதற்குச் சிறந்த மருந்து எது? காரின் கண்ணாடியை இறக்கி விடுவதுதான்! அதற்குக் காலணா செலவு இல்லை.

வெள்ளம் தினமும் வருவதில்லை. ஆனால் கோவிலுக்கு வரும் வழியில் குழந்தை வாந்தி எடுப்பது தினமும் நடக்கிறது. அப்போதும் இதே முறைதான். காரை ஓரமாக நிறுத்துங்கள். எல்லோரும் இறங்குங்கள். வாந்தியைக் காகிதத்தால் வழித்து எடுங்கள். சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். காய்ந்த பின் துடையுங்கள். நெடி போன பிறகு குழந்தையை ஏற்றுங்கள்.

புகை கிளம்பி விட்டால்?

தவறிப் போய் மருந்துகள் கலந்து புகை வந்தால், வாளியைத் தூக்கப் போகாதீர்கள். உடனே விலகி, காற்று வரும் திசைப் பக்கம் போய் நில்லுங்கள். குழந்தைகளை முதலில் அப்புறப்படுத்துங்கள். கண் எரிந்தால் சுத்தமான தண்ணீரால் 15 நிமிடம் கழுவுங்கள். இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் 108-க்குப் போன் செய்யுங்கள். "இப்போது சரியாகி விட்டது" என்று இருந்து விடாதீர்கள். நுரையீரலில் சில மணி நேரம் கழித்தும் நீர் கோக்கலாம்.

மருந்துப் பாட்டில்களைக் காருக்குள் குழந்தைகள் கைக்கு எட்டும்படி வைக்காதீர்கள். குடிக்கும் தண்ணீர்ப் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள்.

சீட்டில் கறை இருந்தால் இருந்து விட்டுப் போகட்டும். அதை அடுத்த வாரம் போக்கிக் கொள்ளலாம். சீட் கெட்டால் புது சீட் வாங்கலாம். நுரையீரல் எந்தக் கடையில் கிடைக்கும்?