தொங்கல் தொகுதி: தேய்ந்த பாகங்களை மாற்றுதல்

"அதிர்ச்சி உறிஞ்சி காரின் நிறையைத் தாங்குகின்றது" என மாணவர் பலர் விடை எழுதுவர். இது தவறு. நிறையைத் தாங்குவது சுருள் வில் ஆகும். சில்லு குழியில் விழுந்தெழும்போது வில் தொடர்ந்து அலைய முற்படும். அவ்வலைவைத் தணிப்பதே அதிர்ச்சி உறிஞ்சியின் தொழில். அதனுள் உள்ள முசலம் எண்ணெயைச் சிறு துவாரங்களினூடாகத் தள்ளுவதால் இயக்கசக்தி வெப்பசக்தியாக மாறுகின்றது.

உறிஞ்சி பழுதடைந்ததை வீட்டிலேயே அறியலாம். காரின் ஒரு மூலையைக் கீழே அழுத்திக் கைவிடுக. ஒரு தடவை எழுந்து அடங்கினால் நன்று; பல தடவை ஆடினால் மாற்றவேண்டும். எண்ணெய்க் கசிவும் டயரில் திட்டுத்திட்டான தேய்வும் ஏனைய அறிகுறிகளாகும்.

கழற்றும்போது காரை ஜக்கினால் உயர்த்தினால் மட்டும் போதாது. ஜக்கின் எண்ணெய் கசிந்தால் கார் இறங்கிவிடும். எனவே மட்டமான, உறுதியான தரையில் தாங்குகால்களை வைத்து அவற்றின் மீதே காரை நிறுத்துக. தரையிலிருக்கும் சில்லுகளுக்குக் கட்டை வைக்கவும் மறவாதீர்கள்.

பல கார்களின் முன்புறத்தில் வில்லும் உறிஞ்சியும் ஒரே அலகாக உள்ளன. இது மக்பேர்சன் வகை எனப்படும். இங்குதான் பெரும் ஆபத்து உள்ளது. ஒரு மில்லிமீற்றர் அமுங்க 20 நியூற்றன் விசை தேவைப்படும் வில்லொன்று 150 மில்லிமீற்றர் அமுங்கியுள்ளதெனக் கொள்வோம்.

உயர் விசை = 20 × 150 = 3000 நியூற்றன்
சராசரி விசை = 1500 நியூற்றன்
சேமிக்கப்பட்ட சக்தி = 1500 × 0.15 = 225 யூல்

இது 1 கிலோகிராம் திணிவை 22.5 மீற்றர் உயர்த்தப் போதுமானது! (ஈர்ப்பு ஆர்முடுகல் 10 எனக் கொள்க.) வில் அமுக்கியால் வில்லை இறுக்கிப் பிடிக்காமல் உச்சியிலுள்ள நடு நட்டைக் கழற்றினால் இச்சக்தி முழுவதும் ஒரே கணத்தில் விடுபடும். முகத்தில் பட்டால் உயிருக்கே ஆபத்து. தகுந்த அமுக்கி இல்லாதவர் அலகை மட்டும் கழற்றி, வில்லைப் பிரிக்கும் வேலையைக் கராஜில் கொடுப்பதே நல்லது.

உறிஞ்சிகளைச் சோடியாகவே மாற்றுக. ஒரு பக்கம் புதியதாயின் காரின் இரு பக்கங்களும் ஒரே விதமாக நடந்துகொள்ளா. இறப்பர் புஷ்களையும் மாற்றினால், சில்லு தரையில் நின்று காரின் நிறை ஏறிய பின்னரே அவற்றின் போல்ட்டுகளை இறுதியாக இறுக்குக. அந்தரத்தில் இறுக்கினால் இறப்பர் எந்நேரமும் முறுகிய நிலையிலிருந்து விரைவில் கிழியும். முன் அலகைக் கழற்றிப் பூட்டினால் சில்லுகளின் ஒழுங்கமைவையும் சரிபார்க்கவேண்டும்.

பயிற்சி: மேற்படி வில் 100 மில்லிமீற்றர் மட்டும் அமுங்கியிருப்பின் அதில் சேமிக்கப்பட்ட சக்தி யாது? (விடை: 100 யூல்)