முட்டையளவு வெண்ணெய்

“எலுமிச்சங்காய் அளவு புளி, சுண்டைக்காய் அளவு பெருங்காயம், ஒரு பிடி மாவு” என்று நம் பாட்டிமார் சமையல் சொல்லித் தந்தனர் அல்லவா? கடல் கடந்த அமெரிக்க நாட்டுப் பாட்டிமாரும் அவ்வாறே, “முட்டையளவு வெண்ணெய், அக்ரூட் கொட்டையளவு கொழுப்பு” என்றுதான் தம் பெண்மக்களுக்குக் கற்பித்தனர். அடுப்பின் சூடு போதுமா என்று அறிய, கையை அடுப்புக்குள் நீட்டி எத்தனை எண்ணும்வரை பொறுக்க முடிகிறது என்று பார்ப்பார்களாம். அவ்விதம் அவர்கள் சுட்ட பண்டங்களுள் தலையாயது ‘பை’ என்பது. வாசக அன்பர்கள் துணிப்பையை நினைத்துவிட வேண்டா! மைதா மாவையும் கொழுப்பையும் பிசைந்து, மெல்லிய தகடாக விரித்து, ஆழமில்லாத தட்டில் பரப்பி, உள்ளே பழமோ பாலோ நிரப்பி அடுப்பில் வேகவைத்து எடுக்கும் பலகாரமே அது.

இதன் தாயகம் அமெரிக்கா அன்று. பழைய இங்கிலாந்தில் இறைச்சியை மூடி வேகவைக்கும் தடித்த மாவுப் பெட்டியாகவே இது இருந்தது. இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்கள் இதைப் புது நாட்டுக்குக் கொண்டு சென்றார்கள். அங்கே ஆப்பிளும் பரங்கியும் உள்ளே புகுந்து, அது விருந்தின் இறுதி இனிப்பாக மாறிற்று. 1796ஆம் ஆண்டு அமெலியா சிம்மன்ஸ் என்னும் பெண்மணி வெளியிட்ட ‘அமெரிக்கன் குக்கரி’ என்ற நூலிலேயே ஆப்பிள் பையும், மாவுத் தகட்டில் வேகும் பரங்கிக் கூழும் இடம்பெற்றுள்ளன.

ஆனால் என் மனத்தைக் கவர்ந்தவை ஆப்பிள் நிறைந்த செல்வப் பைகள் அல்ல. ஒன்றுமில்லாத வேளையில் பிறந்தவையே. பனிக்காலம் முடியும் தறுவாயில் பண்ணை வீடுகளில் சேமித்து வைத்த பழம் தீர்ந்துவிடும். கோழியும் சரிவர முட்டையிடாது. எஞ்சியிருப்பது மாவும் சர்க்கரையும் சிறிது கொழுப்புமே. எனினும் மேசையைச் சுற்றிப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்களே! எலுமிச்சை கிடைக்காத இல்லத்தரசி காடியை ஊற்றிப் புளிப்பேற்றினாள். பழம் இல்லாதவள் கருப்பஞ்சாற்றுக் கசண்டுப்பாகை ஊற்றினாள். உப்பு பிஸ்கோத்தைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, புளிப்பும் இலவங்கப்பட்டையும் சேர்த்து, ஆப்பிளே இல்லாத ‘ஆப்பிள் பை’ செய்தவளும் உண்டு. பட்டையின் மணமும் புளிப்பும் ஊறிய பிஸ்கோத்தின் மென்மையும் கூடி நாவை ஏமாற்றிவிடும். 1929இல் தொடங்கிய பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் இத்தகைய பைகள் எண்ணற்ற குடும்பங்களுக்குக் கைகொடுத்தன. இவற்றைக் ‘கையறு நிலைப் பைகள்’ என்னும் பொருள்பட இன்று அந்நாட்டார் அழைக்கின்றனர்.

இச்செய்முறைகள் எவ்வாறு அழியாமல் நின்றன? அண்டை வீட்டாரிடம் அட்டையில் எழுதி வாங்கியும், கோவில் மகளிர் சங்கங்கள் தொகுத்து விற்ற சிறு நூல்களாலும்தான். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது காயமுற்ற வீரர்களுக்கு நிதி திரட்டும் பொருட்டு, 1864இல் பிலடெல்பியா நகரின் பொருட்காட்சியில் இத்தகைய சமையல் நூலொன்று விற்கப்பட்டது. அதன்பின் ஆலயம் கட்டவும் அனாதைகளைப் பேணவும் ஊர்தோறும் பெண்கள் தம் கைப்பக்குவத்தை அச்சேற்றினர். ஒவ்வொரு குறிப்பின் கீழும் கொடுத்தவரின் பெயர் இருக்கும். தன் பெயரில் பிழையான குறிப்பு வந்துவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியுமா?

அளவுகளைச் சீர்செய்த பெருமை பானி பார்மர் அம்மையாரைச் சாரும். பதின்ம வயதில் பக்கவாதத்தால் துன்புற்றவர் அவர். 1896இல் அவர் வெளியிட்ட பாஸ்டன் சமையற்பள்ளி நூல், கரண்டியையும் கோப்பையையும் கத்தியால் தட்டையாக வழித்து அளக்கும் முறையை வீடுதோறும் பரப்பியது. அந்நூல் விற்குமோ என்று ஐயுற்ற பதிப்பகத்தார், முதல் 3,000 படிகளின் செலவை அவரையே ஏற்கச் செய்தனர்!

முட்டையே வேண்டாத சர்க்கரைக் கிரீம் பை, இண்டியானா மாநிலத்துப் பண்ணை வீடுகளுக்கு உரியது. மின்சார அடுப்பு உள்ளவர்கள் செய்து பார்க்கலாம். ஒன்றேகால் கோப்பை மைதாவுடன் அரைத் தேக்கரண்டி உப்பைக் கலந்து, குளிர்ந்த வெண்ணெய் 115 கிராமைச் சிறு துண்டுகளாக்கி, பட்டாணி அளவுக்கு உதிரும்படி விரல் நுனியால் பிசிறுங்கள். ஐஸ் தண்ணீர் மூன்று, நான்கு மேசைக்கரண்டி தெளித்து ஒன்றுகூட்டுங்கள். சப்பாத்தி மாவைப்போல் அழுத்திப் பிசைந்தால் கெட்டது காரியம், தகடு தோலாகிவிடும். வெண்ணெய் உருகாமல் துணுக்குகளாக நின்றால்தான், வேகும்போது நீராவி எழுந்து அடுக்கடுக்காகப் பொரியும். நம் ஊர் வெயிலில் இது எளிதன்று. முதன்முறை நான் செய்தபோது வெண்ணெய் உருகி வழிந்து, கத்திக்கும் மசியாத ஓடு ஒன்று கிடைத்தது. இப்போதெல்லாம் மாவையும் பாத்திரத்தையும்கூடக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டே தொடங்குகிறேன். பிசிறிய மாவை ஒரு மணி நேரம் குளிரவைத்து, விரித்து, 9 அங்குலத் தட்டில் பரப்புங்கள்.

சர்க்கரை ஒரு கோப்பை, மைதா கால் கோப்பை, உப்பு ஒரு சிட்டிகை ஆகியவற்றை அத்தகட்டின்மேலேயே விரலால் கலந்து, கெட்டியான கிரீம் இரண்டு கோப்பை ஊற்றி மெல்லக் கலக்குங்கள். வெனிலா எசன்ஸ் ஒரு தேக்கரண்டி, மேலே சிறிது வெண்ணெய், துருவிய சாதிக்காய். 200 டிகிரி செல்சியஸில் பத்து நிமிடம், பின்னர் 175 டிகிரியில் நாற்பது முதல் ஐம்பது நிமிடம். எடுக்கும்போது நடுப்பகுதி சற்றே தளதளக்கும். அஞ்ச வேண்டா, சில மணி நேரம் ஆறினால் இறுகிவிடும். பொறுமையின்றி வெட்டினால் பாயசமாகத்தான் பரிமாற வேண்டியிருக்கும்.

இந்தக் குறிப்பை எழுதுகையில் என் தாயாரின் நினைவு வருகிறது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அவர் சுட்ட அச்சுமுறுக்கு வாயிலிட்டதும் கரையும். “எவ்வளவு தேங்காய்ப்பால் அம்மா?” என்று கேட்டால், “மாவு கேட்கிற அளவு” என்பார். நாங்களும் சிரித்துவிட்டு, எழுதி வைக்காமலே இருந்துவிட்டோம். அவர் மறைந்தபின் சகோதரிகள் மூவரும் ஆண்டுதோறும் முயல்கிறோம். ஒருமுறை அச்சைவிட்டுக் கழலவில்லை, மறுமுறை கல்லாயிற்று.

அம்மாவுடன் நின்று சுட்ட சித்தி ஒருவர் இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர். சென்ற மார்கழியில் அவரை அழைத்து வந்து அடுப்படியில் அமர்த்தினோம். அவர் அள்ளும் ஒவ்வொரு பிடி மாவையும் முதலில் தராசுத் தட்டில் போடச் சொன்னோம். “நகைக்கடையா நடத்துகிறீர்கள்?” என்று கடிந்துகொண்டே போட்டார். தங்கை நோட்டுப்புத்தகத்தில் குறித்துக்கொண்டாள். நாலாவது ஈட்டில் அச்சிலிருந்து முறுக்கு தானாகக் கழன்றது. சித்தி ஒன்றைக் கடித்துப் பார்த்து, “இன்னும் ஒரு சிரங்கை பால் விடு” என்றார். அந்தச் சிரங்கையையும் அளந்துவிட்டோம்.